இரவல் அடைக்கோழி

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கோழிகளுக்குத் தீனி போடுகிறாள் டைலரம்மா. வாயைத் திறந்து கூப்பிட வழியில்லை. தொண்டைக்குள்ளேயே நீளமாக ஒரு "ம்ம்ம்" போடுகிறாள். அது போதும், மதிலோரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் ஜிப்பு, பார்டர், கொசுவம் எல்லாம் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவரும். காலமெல்லாம் துணி தைக்கிறவள் கோழிக்கு வேறென்ன பெயர் வைப்பாள்?

நன்றி சொல்வதில் அவளுக்குக் கணக்கே கிடையாது. ஊசிக் காதில் நூல் ஒரே தடவையில் நுழைந்துவிட்டால் "உனக்குக் கோடி புண்ணியம்" என்பாள். ஊசிக்கா நூலுக்கா என்று கேட்டால், "ரெண்டுக்கும்தான்" என்பாள். போன கரண்ட் திரும்பி வந்தால் கம்பத்தைப் பார்த்துச் சொல்வாள். முட்டை எடுக்கும்போது கோழியிடம் சொல்வாள். லாரி ஓட்டும் கணவருக்கு இது தீராத வேடிக்கை. "இவ வீட்ல திருடன் பூந்தாலும், போறப்ப கதவ மெதுவா சாத்தினதுக்குக் கோடி புண்ணியம்னு சொல்லுவா" என்பார். "சொன்னா என்ன, அவனும் மனுஷன்தானே?" என்பாள் அவள், ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் வீடு. கணவரின் அண்ணன் மனைவி, டைலரம்மாவுக்கு "அக்கா". ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். அவள் வளர்த்த கோழிகளைத் தெருநாய்கள் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போனபிறகுதான், மதிலோரம் வந்து நின்று, எங்கேயோ பார்த்தபடி கேட்டாள். "உன் அடைக்கோழி ஒண்ணு தர்றியா? குஞ்சு பொரிச்சதும் திருப்பித் தந்துடறேன்."

டைலரம்மா தன்னிடமிருந்ததிலேயே நல்ல அடைக்கோழியான பட்டனைக் கொடுத்தாள். கூடவே ஒரு கூடை முட்டையும். ஆனால் பட்டன் ஒரு பிடிவாதக்காரி. டைலரம்மாவின் கையைத் தவிர வேறு யார் கையிலும் தின்னாது. அதனால் தினமும் காலையில் தன் கோழிகளுக்குத் தீனி போட்ட கையோடு, அதே செருப்போடு, அக்கா வீட்டுப் பின்கட்டுக்குப் போய் அதற்கு ஊட்டிவிட்டு வருவாள். அதில் என்ன தப்பிருக்க முடியும்?

ஒரு நாள் காலை "ம்ம்ம்" போட்டபோது கொசுவம் வரவில்லை. மூலையில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகைச் சிலிர்த்தபடி, பாதிக் கண் மூடி நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர் போலிருந்தது. மறுநாள் ஜிப்பு வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. புதிதாகச் சந்தையில் வாங்கிய சேவல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது.

"மிச்சத்தையாவது அறுத்துடலாம். இல்லேன்னா இன்னைக்கே சந்தையில தள்ளிடலாம்" என்றார் கணவர். எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

டைலரம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். அப்படி எடுத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். "வாங்கறவங்க வீட்லயும் கோழி இருக்கும்ல?" என்று கேட்டுவிட்டு, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

முகக்கவசமும் கையுறையுமாக வந்த டாக்டர், கோழிகளின் வாயிலிருந்து பஞ்சுக் குச்சியில் சளி எடுத்துக்கொண்டார். செத்ததை வெறுங்கையால் தொடக்கூடாது, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், முட்டையோ கோழியோ படியைத் தாண்டக்கூடாது என்றார். "வெள்ளைக்கழிச்சலாவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாவும் இருக்கலாம். சோதனையிலதான் தெரியும். அதுவரைக்கும் உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் வந்தா உடனே ஆஸ்பத்திரி போங்க. கோழி விஷயத்தையும் மறக்காம சொல்லுங்க."

பிறகு கேட்டார். "புதுசா வந்த சேவல கொஞ்ச நாள் தனியா வெச்சிருந்தீங்களா?"

"மாப்பிள்ளைய யாராவது தனியா உட்கார வெப்பாங்களா சார்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அடுத்த கேள்வியில் சிரிப்பில்லை. "வேற கோழி இருக்கற இடத்துக்குப் போய் வந்தீங்களா?"

டைலரம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். ஆசையாகக் கேட்டவளின் வீட்டுக்கு நோயைத் தன் காலாலேயே சுமந்து போயிருப்போமோ? பட்டனும் போய், முட்டைக்குள் இருக்கிற உயிர்களும் போய்விட்டால் அக்காவின் முகத்தில் எப்படி முழிப்பது?

சொல்லாமல் இருந்திருக்கலாம். சேவல் செத்தது வெளியில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் டாக்டர் போனதும் கைகால் கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, மதிலிலிருந்து தள்ளி நின்று கூப்பிட்டாள். "அக்கா, கிட்ட வராதீங்க. என் கோழிங்களுக்கு ஒட்டுவாரொட்டி நோய் வந்திருக்கு. நான் தினமும் அங்க வேற வந்துட்டிருந்தேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வரப்போகும் வசவுக்குத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஓரகத்தி இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். பிறகு, "அழுவாத. வேணும்னா பண்ணின? நீ வாயத் திறந்து சொன்னதே பெருசு. இப்ப அந்த மகாராணிக்கு எப்படித் தீனி வெக்கறது, அதச் சொல்லு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக அக்காவுக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருப்பதாக டைலரம்மா இன்றும் சொல்கிறாள்.

தீனி வைப்பது லேசில் நடக்கவில்லை. "உன் கோழி என் கையக் குத்திக் கிழிக்குது. டைலர் வளர்த்ததாச்சே!" என்று மதிலுக்கு அப்பாலிருந்து கத்தல் வந்தது. "வாயத் திறக்காதீங்க அக்கா. வாய மூடிக்கிட்டு, தொண்டையிலேயே 'ம்ம்ம்'னு சொல்லுங்க." ஓரகத்திக்கு வாயை மூடுவதைப்போலக் கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. தெருவே அறிந்த உண்மை. ஆனாலும் மூடினாள். பட்டன் சந்தேகமாக ஒரு தரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த குருணையைக் கொத்தியது.

டைலரம்மாவின் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது: "கோழிக்கு உடம்பு சரியில்லை. உள்ளே வரவேண்டாம்." பக்கத்து வீடுகளில் கோழிகளை அடைத்துவைத்தார்கள். காய்கறியும் பாலும் கேட்டுக்கு வெளியே வந்துவிடும். வைத்தது யார் என்று கேட்கத் தேவையில்லை, பையில் ஜெராக்ஸ் கடையின் பெயர் இருக்கும். காலையில் எழுந்ததும் மதிலோரம் டைலரம்மா கேட்கிற முதல் கேள்வி, "எச்சம் என்ன நிறம்?" என்பதுதான். "நல்ல நிறம்தான். காலங்காத்தால வேற எதுவும் கேக்கத் தோணாதா உனக்கு?" என்று பதில் வரும். அந்த எரிச்சலைக் கேட்டால்தான் இவளுக்குக் காப்பி இறங்கும்.

சோதனை முடிவு வெள்ளைக்கழிச்சல் என்று வந்தது. கொசுவமும் ஜிப்பும் போய்விட்டன. பார்டரும் இன்னும் இரண்டும் தேறின. "பயப்படாதீங்க, இது கோழிங்களுக்கு வர்ற நோய்தான். ஆனா நான் சொல்ற வரைக்கும் பக்கத்து வீட்டுக் கோழிங்ககிட்ட மட்டும் போயிடாதீங்க. கையில, துணியிலகூட ஒட்டிக்கிட்டுப் போகும்" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் ஒரு மதிய நேரம். மெஷினில் காலர் வைத்துக்கொண்டிருந்தவளுக்கு, "அடியே, ஓடி வா!" என்று அக்காவின் குரல் கேட்டது. பதறிப்போய் ஓடினாள். மதிலுக்கு மேலே அக்காவின் இரண்டு கைகளும் தெரிந்தன. குவித்த கைகளுக்குள், பிடரியில் ஓட்டுத் துண்டு ஒட்டியபடி, ஈரம் காயாத ஒரு குஞ்சு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பாருடி, எல்லாம் பொரிச்சிருச்சு! இந்தா, பிடி!" சந்தோஷத்தில் அக்காவுக்கு எல்லாமே மறந்துவிட்டது.

டைலரம்மாவின் கைகள் தாமாகவே மேலே எழுந்தன. பாதி தூரம் போனபின் நின்றன. இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்று, கண்கொட்டாமல் பார்த்தாள்.