மூடிய ஷெட்டில் ஓடிய கார்

தொண்ணூறுகளில், ஒரு ஜனவரியில், பனியன் ஆர்டர் பேச நானும் கூட்டாளி காதர் பாயும் கனடா போய், சரக்கு வாங்கும் பையர் வீட்டிலேயே தங்கினோம். வெளியே எல்லாம் உறைந்து கிடந்தது. குளிருக்குப் பயந்து கார் ஷெட்டின் கதவை மூடிவிட்டு, உள்ளே சாம்பிள்களை மடித்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று, ஆளில்லாத கார் உறுமியது.

மாடியிலிருந்து காதர் பாய் கத்தினார்: “பயப்படாதீங்க! பையர் குடுத்த ரிமோட்டுங்க, நாந்தான் அமுக்குனேன். நாம கெளம்பறதுக்குள்ள வண்டி சூடாயிரட்டும்!”

புகை வந்தது. திருப்பூரில் கரண்ட் போனால் கம்பெனிக்குள்ளேயே ஜெனரேட்டர் ஓடும். புகை வந்தால் வேலை நடக்கிறது என்றுதான் எங்களுக்கு அர்த்தம். அதனால் தொடர்ந்து மடித்தேன். தலை கனத்தது. எழப் பார்த்தேன், கால் வரவில்லை. கூப்பிட வாய் திறந்தேன், குரலும் வரவில்லை.

கதவு திறந்தது. பையரின் மனைவி வெறுங்காலோடு ஓடி வந்து, என்னைப் பனியில் இழுத்துப் போட்டார். மூடிய இடத்தில் இந்தப் புகை ஆளையே கொன்றுவிடும் என்று கத்தினார்.

“வெறும் புகைதானுங்களே…” என்ற காதர் பாயின் முகம் வெளிறியது.

ஊர் திரும்பிய விடிகாலையில் நேராக நெருப்பெரிச்சலில் இருந்த எங்கள் கம்பெனிக்குப் போனோம். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்க, உள்ளே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கதகதப்பில் திருநெல்வேலி டெய்லர் ஒருவர் அசையாமல் படுத்திருந்தார். இருவருமாக அவரை வெளியே தூக்கி வந்து உலுக்கினோம்.

“ஏண்ணே, இப்பத்தானே கண்ணசந்தேன்?” என்று எரிந்து விழுந்தார்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.