சுவரைத் தொடாத குழாய்

என் எழுத்து கோட்டை விட்டு மேலும் கீழும் ஓடுவதை வாசகசாலை அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன பொங்கலுக்குப் பிறகுதான் எழுதப் படித்தேன். ‘ழ’ எழுதும்போது இன்னமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தோணிமுத்து அண்ணாச்சியைப் பற்றி இன்னொருவர் கையால் எழுதவைக்க எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை காலை, மணியாச்சியிலிருந்து வந்த ஒருவர் என் கடையில் காப்பி குடித்துக்கொண்டே செய்தியைச் சொன்னார். மகள் வீட்டில் இருந்த பழைய ரயில்வே பிட்டர் ஒருவர் இறந்துபோனாராம். பெயரைக் கேட்டேன். கேட்டதும் என் கை தானாகக் கடையில் இருக்கும் மீன்தொட்டிக்குக் கீழே போயிற்று. மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதால் கேட்டு அதை அறிய முடியாது, தொட்டுத்தான் பார்க்கவேண்டும். அப்படி அடக்கி வைத்தவர் அண்ணாச்சி.

உங்களில் பலர் சிறு வயதில் அந்தத் தொட்டியைப் பார்க்கவே என் கடைக்கு வந்தவர்கள். கீழே இருக்கும் மோட்டார் தண்ணீரை இரும்புக் குழாய் வழியாக மேலே ஏற்றும், அது மறுபடி தொட்டிக்குள் விழும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மோட்டாரை நிறுத்தினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அந்தக் குழாயை நான் அடித்துப் பொருத்தியிருந்த சுவர், அண்ணாச்சி வீட்டுக்கும் என் கடைக்கும் பொதுச் சுவர்.

அப்போது அவர் மனைவி சவரியம்மாள் மதினி விஷக்காய்ச்சலில் படுத்துத் தேறிவந்த நேரம். பகலிலும் நன்றாக உறங்கினால்தான் உடம்பு தேறும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சுவரோ பகலெல்லாம் ரீங்காரம் போட்டது. அண்ணாச்சி கடைக்கு வந்தார். காப்பி கொடுத்தேன், தொடவில்லை.

“தம்பி, உன் மீனு மூச்சு விடணும்னா என் வீட்டுக்காரி கண்ணை மூடக் கூடாதோ?” என்றார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் நிற்காவிட்டால் தொட்டியை எடுத்துவிட வேண்டும் என்று முடிவாகச் சொன்னார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. மோட்டாரும் ஓடவேண்டும், மதினியும் உறங்கவேண்டும், அதற்கு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்துவிட்டுப் போய் ஸ்பேனரோடு திரும்பி வந்தார்.

ரயில்வேக்காரர் அல்லவா, ஆடுகிறதை இறுக்குவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டைகளை ஒன்று விடாமல் முறுக்கினார். கடைக்குள் சத்தம் பாதியாகக் குறைந்தது. வேலை முடிந்தது என்று காப்பியை எடுத்தோம். அதற்குள் அடுத்த வீட்டிலிருந்து மதினியின் குரல் வந்தது.

“ஏங்க, மோட்டாரை நம்ம வீட்டுக்கே கொண்டாந்துட்டீங்களா? அலமாரிச் செம்பெல்லாம் பேசுது.”

அடுத்த யோசனை என்னுடையது. கரிசல் மண்ணைக் குழைத்து, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே கெட்டியாக அப்பினேன். ஈரம் இருந்தவரை அமைதி. மண் காய்ந்ததும் விரலை விடுகிற அளவுக்கு வெடித்தது, குழாய் அந்த வெடிப்புக்குள் கிடந்து தடதடத்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, “ஏலே, நீ நாகலாபுரத்துக்காரன்தானா? கோடையில கரிசக்காடு வெடிக்கதைப் பாத்ததே இல்லையோ?” என்றார். என் கடையில் அவர் முதல்முறை சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிறு வந்துவிட்டது. சர்ச்சில் பூசை முடிந்து நேரே கடைக்கு வந்த அண்ணாச்சி ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையைக் குழாயிலும் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு தாம் முறுக்கிய பட்டைகளையெல்லாம் தாமே கழற்றினார். பஞ்சாலைக் கழிவுப் பஞ்சைச் சாக்கில் திணித்து, மேலே கற்பலகை போட்டு, அதன்மேல் மோட்டாரை வைத்தார். இரும்புக் குழாயை அறுத்து நடுவில் ரப்பர்க் குழாய்த் துண்டைச் செருகினார். சைக்கிள் டியூபைக் கிழித்து, சுவரில் படாதபடி குழாயை உத்தரத்தில் தொங்கவிட்டார். மேலிருந்து விழுந்த தண்ணீரைக் கண்ணாடியில் வழுக்கி இறங்கும்படி திருப்பினார்.

“ஆடுதது ஆடட்டும் தம்பி. சுவரைத் தொடாம ஆடட்டும்” என்றார்.

மோட்டாரைப் போட்டோம். மீன்கள் கீழே இறங்கி நீந்தின. மதினி என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். ஒரு சொல்லும் வரவில்லை. அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். “அவ நல்லா உறங்குதா” என்று உதட்டை மட்டும் அசைத்தார். காத்திருந்ததில் ஆறிப்போன காப்பியை அன்றுதான் முழுதாகக் குடித்தார். அதன்பிறகு மணியாச்சிக்குக் குடிபோகும்வரை அவருக்குக் காலைக் காப்பி என் கடையில்தான்.

ரப்பரையும் பஞ்சையும் எத்தனையோ தடவை மாற்றிவிட்டேன். அவர் சொன்னதுதான் மாறாமல் என்னிடம் இருக்கிறது. இந்தத் தாளில் அவர் பெயரை முதலில் எழுதியபோது பேனாவை இறுக்கிப் பிடித்தேன், நிப்பு தாளைக் கிழித்துவிட்டது. ஆடுகிற கை ஆடட்டும் என்று பிடியைத் தளர்த்தினேன். பெயர் கோணலாக விழுந்தாலும் முழுதாக விழுந்தது.

அடுத்த வாரம் மணியாச்சிக்குப் போகிறேன். அதற்குள் இதை இன்னொரு தடவை எழுதி, மதினிக்கு நானே வாசித்துக் காட்டவேண்டும். அண்ணாச்சி போனதிலிருந்து அவர் சரியாக உறங்கவில்லையாம். நான் வாசிக்கும்போது பாதியிலேயே உறங்கிவிட்டால், நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்வேன்.