பதின்மூன்றாம் அணியின் ரோஷம்

அல்சூரில் எங்கள் கீழ்வீட்டில் குடியிருக்கும் ஆரோக்கியசாமி, கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்கள் இணையத்தில் எழுதித் தள்ளும் வசவுகளை, வைட்ஃபீல்டு அலுவலகம் ஒன்றில் அமர்ந்து நீக்குவது அவருடைய உத்தியோகம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கால்பந்து என்று பெயரிட்டவர்களிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அந்நாட்டில் ஆட்டப் பருவம் முடிந்ததும், கோப்பைக்காக மோதவேண்டிய அணிகளை ஒரு குழு அறைக்குள் அமர்ந்து தேர்ந்தெடுக்கிறது. முன்பு இரண்டு அணிகள், பிறகு நான்கு, இப்போது பன்னிரண்டு. எத்தனை நாற்காலிகள் போட்டாலும் அடுத்து நிற்பவர் அழுவார் என்பது அந்த மேதைகளுக்கு இன்னும் விளங்கவில்லை. விடுபட்டவர்களின் கண்ணீரைத் துடைக்க 'பௌல்' என்றோர் ஆட்டம் உண்டு. அதற்கு வறுவல் வியாபாரியோ சாஸ் வியாபாரியோ தம் பெயரைச் சூட்டிவிடுவார்.

எந்த அணியின் ரசிகர்களுடைய வசவுகள் ஆரோக்கியசாமியின் பொறுப்பில் இருந்தனவோ, அந்த அணி பன்னிரண்டாம் இடத்திற்கும் பதின்மூன்றாம் இடத்திற்கும் இடையே ஊசலாடியது. அது உள்ளே நுழைந்தால், தோற்று வெளியேறும்வரை அவருக்கு விடுப்பில்லை. அவருடைய மகள் மெர்சிக்கோ, கிறிஸ்துமஸுக்கு அடுத்த சனிக்கிழமை திருமணம்.

"எங்க டீமுக்கு அநியாயம்னு நாள் முழுக்க அழுவுறானுங்க, அக்கா. நான் மட்டும் அது வெளிய போவணும்னு மாதாகிட்ட வேண்டிக்கினு இருக்கேன்," என்றார் என்னிடம்.

வேண்டுதல் பலித்தது. அணி பதின்மூன்றாவதாயிற்று. அவர் எங்களுக்கு மைசூர்பாகு கொண்டுவந்த அன்று மாலையே மேலாளர் பிரபா தொலைபேசியில் அழைத்தார். வறுவல் வியாபாரியின் ஆட்டத்திற்கு அந்த அணியை அழைத்திருக்கிறார்களாம். அது திருமண நாளன்றேயாம்.

நான் பதறினேன். அவரோ சிரித்தார்.

"வரமாட்டானுங்க, அக்கா. கல்யாணப் பத்திரிகையில எங்கண்ணன் பேரு மாப்பிள்ளையோட மாமனுக்குக் கீழ வந்துட்ச்சி. அன்னிலேர்ந்து எங்கிட்ட பேச்சே இல்ல. இவனுங்களும் அதே ரகம்தான். மொதப் பந்தியில எலை போடலன்னா ரெண்டாம் பந்தியில ஒக்காருவானுங்களா?"

அவர் சொன்னபடியே நடந்தது. தகுதிக்குக் குறைந்த ஆட்டத்தில் தங்கள் அணி கலந்துகொள்ளாது என்று பல்கலைக்கழகம் மறுநாளே அறிவித்தது. பிள்ளைகள் பருவம் முழுவதும் எலும்பு நோக முட்டி மோதியது, பெரியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காகத்தான் போலும்.

விடுப்புக் கிடைத்தது. மெர்சியைப் பீடத்தருகே அவரே கைப்பிடித்து அழைத்துச் சென்றார். ஆனால் விருந்தில், மாப்பிள்ளையின் மாமன் முதல் இலையில் அமர்ந்துவிட்டதைக் கண்ட அண்ணன் தேவசகாயம், விருட்டென்று வெளியேறி ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

"அண்ணா, ஒனக்கும் அந்த வரிசையிலதான் எலை போட்டு வச்சிருக்கேன்!"

"கீழ போட்ட பேரு கீழயே இருக்கட்டும்டா. போ, போயி அவனுக்கே பாயசம் ஊத்து."

அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரித்த ஆரோக்கியசாமி, தம் மகளின் விருந்து முடியும்வரை ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார். கிளம்பலாமா என்று ஓட்டுநர் கன்னடத்தில் கேட்டார்.

"இருப்பா," என்றார் தேவசகாயம், நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தபடி. "இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும்."