எங்கள் ஊரைப் பற்றி நல்லதாக நாலு வரி

கொமினிக்கேசன் கடை வைத்திருப்பவனுக்குக் கண்ணும் காதும் எவ்வளவு திறந்திருக்கின்றனவோ, வாய் அவ்வளவுக்கு மூடியிருக்கவேண்டும். எனக்கு முதல் இரண்டும்தான் இருந்தன.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து வீதியில் என் கடை. இரண்டு போன் கூண்டு, ஒரு ஃபக்ஸ் மெஷின். யுத்தம் கொஞ்சம் ஓய்ந்து சமாதானப் பேச்சுத் தொடங்கியதும், பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்கினார்கள். இரண்டு நாள் தங்குவார்கள், கையால் எழுதுவார்கள், என்னிடம் தந்து அனுப்பச் சொல்வார்கள். எழுத்துத் தெளிவாக விழுகிறதா என்று பார்க்காமல் அனுப்ப முடியாது. பார்த்தால் வாசிக்காமல் இருக்க முடியாது. ஆகவே எங்கள் ஊரைப் பற்றி உலகம் வாசிக்கப்போவதை முதலில் வாசித்து வயிறெரிந்தவன் நான்தான். சொந்த ஊரைப் பற்றி அடுத்தவர் எழுதியதை வாசித்துப் பல்லைக் கடித்தவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பூட்டிய கடைகள்

முதலில் வந்தவர் ஓர் உயரமான வெள்ளைக்காரர். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீதியில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து நான்கு பக்கம் எழுதித் தந்தார். 'பட்டப்பகலில் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. இந்த நகரத்தை அச்சம் ஆள்கிறது' என்று இருந்தது. எங்கள் வீதியில் முக்கால்வாசிக் கடைகள் முஸ்லிம்களுடையவை. எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினாரே தவிர ஒரு வரியும் வெட்டவில்லை.

அவர் படியிறங்கவும், பக்கத்துப் புடவைக் கடை நசீர் காக்கா தொழுகை முடிந்து வரவும் சரியாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். தொப்பியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார்: "நான் தொழப் போனதுக்கு அந்தாள் என்னத்துக்குத் தம்பி பயப்புடுறார்?"

மான்கள்

ஞாயிறு காலை பத்து மணிக்கு முதலாவது கூண்டு மனோன்மணி ரீச்சருக்கு. ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. ஒரே மகன் சுதன். ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் அவனைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினொரு நாள் வைத்திருந்துவிட்டு விடுவித்தார்கள். எப்படி வைத்திருந்தார்கள் என்பதை அவன் முதுகு சொன்னது. அடுத்த மாதமே ரீச்சர் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவனுடைய அகதி வழக்கு முடிவில்லாமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. "வழக்கு என்னவாம்?" என்றுதான் ஒவ்வொரு கிழமையும் அவர் கதை தொடங்கும்.

ஒரு ஞாயிறு அவர் லைன் கிடைக்காமல் காத்திருந்தபோது, ஒரு பெண்மணி எழுதிய கட்டுரையை அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீதிகளில் மான்கள் உலவுவதையும், சனங்கள் அவற்றைத் தெய்வமாகக் கும்பிடுவதையும் ஒன்றரைப் பக்கத்துக்கு உருகி எழுதியிருந்தார். ரீச்சருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "என்ர கீரைப்பாத்தியை மேய்ஞ்சு முடிச்சதையும் சேர்க்கச் சொல்லுங்கோ. நான் விரட்டப் பொல்லைத் தூக்கினதைக் கும்பிடுறன் எண்டு நினைச்சிட்டா போல."

உல்லாசப் படகு

கொழும்பு ஆங்கிலப் பத்திரிகையொன்றின் ஞாயிறு இணைப்பில், மூதூர் போகும் லோஞ்ச் படகைப் பற்றி வண்ணப்படத்தோடு ஒரு முழுப் பக்கம் வந்தது. நீலக் குடாவில் ஒரு மணி நேர உல்லாசமாம். காற்றாம், பறவைகளாம். அந்த லோஞ்சில் ஏற முன்னர் சனங்கள் மூட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டி, அடையாள அட்டையை நீட்டி, வெயிலில் காய்வது படத்தில் இல்லை. மூதூருக்கு அப்பால் கிளிவெட்டியிலிருந்து அதே லோஞ்சில் வடிவேல் அண்ணர் நெல் விலை விசாரிக்கப் போன் எடுக்க வந்திருந்தார். அன்று சோதனையில் அவருடைய சோற்றுப் பொதியையும் அவிழ்த்துக் கிண்டியிருந்தார்கள். பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். தூர நீட்டிப் பிடித்துப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு தம்பி. எங்களையும் இதில ஏத்தச் சொல்லுங்கோ. நாங்கள் போறது வேற லோஞ்ச்."

நான் கேட்டு வாங்கியது

எனக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்து வந்தவர் மரியாதையான ஓர் இளைஞர். ஊர் எப்படி என்று என்னிடமே கேட்டார். விடுவேனா? எல்லோரும் பயம், பாவம், மான் என்றே எழுதுகிறீர்கள், ஒரு தடவையாவது எங்கள் ஊரைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுங்கள் என்று, என் அரைகுறை ஆங்கிலத்தில் சண்டை பிடிக்காத குறையாகச் சொன்னேன்.

மனிதர் சொல் கேட்டார். கடற்கரையில் பிள்ளைகள் பந்தடிப்பதையும் மீன் சந்தையின் கலகலப்பையும் எழுதி, 'இங்கே யுத்தம் ஒரு பழைய ஞாபகம் மட்டுமே' என்று முடித்திருந்தார். சந்திக்குச் சந்தி துவக்கோடு ஆமி நிற்கிறதே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியதுதான். ஆனாலும் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை. அனுப்பிவிட்டு, ஒரு பிரதி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்.

ஐந்து மாதம் கழித்துச் சுதனிடமிருந்து ரீச்சருக்கு ஆறு பக்க ஃபக்ஸ் வந்தது. அவன் வழக்கின் தீர்ப்பு: தள்ளுபடி, அவனைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை, வாசியுங்கோ என்றார் ரீச்சர். வாசித்தேன். நான்காம் பக்கத்தில், திருகோணமலையில் இப்போது ஆபத்தில்லை என்பதற்கு ஒரு பயணக் கட்டுரையைச் சான்று காட்டியிருந்தார்கள். பந்தடிக்கும் பிள்ளைகள், மீன் சந்தை, பழைய ஞாபகம்.

எழுதக் கேட்டது நான்தான் என்று சொன்னேன். வெட்கமாக இருந்தது. ரீச்சர் ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஆறு தாளையும் ஒழுங்காக அடுக்கி மடித்தார். "எழுதினது பொய்யில்லைத் தம்பி, பிள்ளையள் பந்தடிக்கிறவைதான். இவ்வளவு நல்ல ஊரை விட்டு என்ர பிள்ளையை நான் ஏன் அனுப்பினனான் எண்டு அவங்களுக்கு ஆர் எழுதுறது?"

அதற்குப் பிறகு யார் வந்து ஊர் எப்படி என்று கேட்டாலும், எத்தனை பக்கம் அனுப்பவேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.