இரண்டாவது குப்பி

எங்கள் ஆய்வகத்தில் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்துத் தட்டில் வளர்ப்பவர் அக்கா. பதினாறு வருடமாக அதே மூலை மேசை. எதற்கெடுத்தாலும் "இன்னொரு தடவை பாத்துடலாம்" என்பதால் 'இன்னொரு தடவை' என்றே அவருக்குப் பட்டப்பெயர். வைத்தவன் நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்த அணுக்கள் சுலபத்தில் எழுந்திருக்காது. அவற்றின் மேல் சேதி வாங்கும் ஏற்பிகள் இரண்டு உண்டு. எதிரி வந்திருப்பதைச் சொல்ல ஒன்று, 'சரி, கிளம்பு' என்று தட்டிக்கொடுக்க இன்னொன்று. இரண்டுக்கும் உரிய மருந்து ஒன்றாகக் கிடைத்தால்தான் பெருகும். முதலாவது மட்டும் கிடைத்தால் முறுக்கிக்கொண்டு படுத்துவிடும். பிறகு இரண்டையும் கொடுத்தாலும் அசையாது.

அந்த இரண்டாவது மருந்தின் குப்பி தீர்ந்துகொண்டிருந்தது. புதியதற்குக் கையெழுத்துப் போட வேண்டிய எங்கள் தலைவர், "வர்ற வரைக்கும் தண்ணியக் கலந்து ஓட்டுங்க" என்றார். கலந்தவன் நான். அக்காவுக்குத் தெரியாது.

அந்த வாரம்தான் ஒரு தையல்கார அம்மாவின் ரத்தம் வந்தது. புற்றுநோய். அணுக்கள் பெருகினால் அவற்றையே வளர்த்து அவருக்குத் திருப்பி ஏற்றுவார்கள். பெருகாவிட்டால் சிகிச்சைப் பட்டியலில் இடமில்லை.

பெருகவில்லை. 'நோயாளியின் அணுக்கள் செயலற்றவை' என்று தலைவர் எழுதிவிட்டார்.

தண்ணீர் கலந்ததை நான் சொன்னதும் அக்கா நேரே அவர் அறைக்குப் போனார். "ஒப்பிட்டுப் பாக்க பக்கத்து வரிசையில என் ரத்தத்தை வெச்சிருந்தேன் சார். அதுவும் எழுந்திருக்கல. நானும் செயலற்றவளா?"

புதிய குப்பி வந்ததும், படுத்துவிட்ட அந்த அணுக்களுக்கே அதை ஊற்றச் சொன்னார் தலைவர். அசையவில்லை. "பாத்தீங்களா?" என்றார், ஏதோ ஜெயித்துவிட்டவரைப் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு படித்த மனிதருக்குத் தெரியாதா? தெரியும். ஒப்புக்கொள்ளத்தான் மனமில்லை.

"அதைக் கெடுத்ததே நாமதான் சார். புது ரத்தம் எடுக்கணும். இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அக்கா. அவர் கையெழுத்தில்லாமல் அறிக்கை வெளியே போகாது.

தையல்கார அம்மா வந்து மறுபடி கையை நீட்டினார். ஐந்தாம் நாள் தட்டு முழுக்கக் கொத்துக் கொத்தாக அணுக்கள். பட்டியலில் பெயர் ஏறியது. 'நோயாளியின் அணுக்களில் முன்னேற்றம்' என்று எழுதினார் தலைவர். முன்னேற்றமாம்.

முடிவைக் கேட்க வந்த அம்மா தயங்கித் தயங்கி நின்றார். "என் ரத்தம் இப்போ சரியாயிடுச்சாம்மா? ஒழுங்கா சாப்பிடாம நானே கெடுத்துக்கிட்டேன்னு வீட்டுல எல்லாரும் திட்டுறாங்க."

தலைவரின் அறைக்கதவு திறந்துதான் இருந்தது. அக்கா குரலைக் குறைக்கவில்லை.

"உங்க ரத்தம் அன்னைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு. தண்ணி கலந்தது நாங்க."