குகையிலிருந்து கொண்டுவந்த மண்

என் மகன் மேகாலயாவில் சுண்ணாம்புப் பாறைக் குகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். மலையில் பெருமழை அடித்தால் வெள்ளம் கல்லையும் மண்ணையும் மரத்தையும் சேர்த்துப் புரட்டிவந்து குகைக்குள் தள்ளிவிடுமாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குப் புரியவேண்டுமென்று ஒரு லீவில் வந்தபோது கெடிலம் ஆற்று மண்ணை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் காட்டினான். முதலில் கூழாங்கல் இறங்கியது. அதன்மேல் மணல். சேறு மட்டும் கலங்கலாகவே வெகுநேரம் நின்றது.

"வேகம் கொறைஞ்சா கனமானது முதல்ல உக்காந்துடும்பா. குகைக்குள்ளயும் இப்படித்தான்."

"இத படிக்கவா அவ்ளோ தூரம் போன? வெள்ளம் வடிஞ்சதும் முதுநகர்ல நம்ம வாசல பாத்தாலே தெரியுமே!" என்றாள் என் மனைவி.

"அப்ப டாக்டர் பட்டத்த உனக்குத்தாம்மா குடுக்கணும்."

போன மழைக்காலத்தில் அவன் குகைக்குள் இருக்கும்போதே வெள்ளம் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசல் தெரியவில்லை. கூரைவரை மண். இதற்குமேல் தோண்டினால் பாறை சரியும் என்று மீட்பு ஆட்கள் கைவிட்டார்கள். சிதம்பரம் கோயில் விபூதியை அங்கே தூவிவிட்டு, கொஞ்சம் மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். நடராசரிடம் அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை.

உடல் கிடைக்காததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியம் பண்ணலாம் என்றார் ஐயர். மனைவி ஒப்பவில்லை. என்னிடம்தான் பாய்ந்தாள்.

"புல்ல கொளுத்திட்டு என் புள்ளன்றீங்களா மாமா? உள்ள எங்கனா காத்து வர்ற சந்துல உக்காந்திருப்பான். அவனுக்குத் தெரியாத குகையா?"

தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

ஒருநாள் நான் கடையிலிருந்து வந்தபோது, துண்டிலிருந்த மண் அந்தப் பாட்டிலுக்குள் இருந்தது. பூஜை விளக்கின் முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல், மணல், சேறு எல்லாம் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

"ஒரு சந்து கூட இல்லியே மாமா," என்றாள். "இதுல அவன் எங்க மூச்சு விடுவான்?"

பிறகு அவளே, "ஐயரக் கூப்புடுங்க," என்றாள்.

தேவனாம்பட்டினம் கடலில் தர்ப்பைச் சாம்பலோடு அந்த மண்ணையும் கரைத்தோம். திரும்பிப் பார்க்காமல் கரையேறச் சொன்னார் ஐயர். அவள் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். அலையில் சேறு இன்னும் இறங்காமல் கலங்கிக் கிடந்தது.