மனுவேலின் நெற்றியில் நான் ஊற்றியது

கொயினா மருந்தின் கசப்பு நாக்கில் பட்டவுடன் தெரியாது; விழுங்கி முடித்து, இனித் தப்பிவிட்டோம் என்று நினைக்கும்போதுதான் தொண்டையின் அடியிலிருந்து ஏறி வரும். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில், மலேரியாக் காய்ச்சல் எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு ஆள் எடுத்த அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. பள்ளிவாசல்துறைக்கு அப்பால், ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் களப்பென்னும் உப்பங்கழியுமாக ஒடுங்கிக் கிடந்த மணலில், சில குடிசைகளும் அந்தோனியார் கோயிலும் உள்ள மீன்பிடிக் கிராமம் எங்களுடையது.

கோயிலுக்குப் பின்னால் "சவக்காலை" என்று நாங்கள் சொல்லும் கல்லறைத் தோட்டம் இருந்தது, அதைச் சுற்றிப் பனைமட்டை வேலி. ஞானஸ்நானம் பெற்றவர்களை வேலிக்கு உள்ளே அடக்கினார்கள். அது கிடைக்காமல் செத்துப்போன சிசுக்களுக்கு வேலிக்கு வெளியேதான் இடம். சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. இதைக் கொடுமையென்று அன்று யாரும் வாய்விட்டுச் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் தோணியில் வருவார். மற்ற ஞாயிறுகளில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தந்தவர், கோயில் காரியங்களைப் பார்க்க ஊரார் தெரிந்தெடுத்த மூப்பர். கடைசி நாளில் கடல் தான் விழுங்கியவர்களைக் கரைக்குக் கொண்டு வந்து விடும், மண்ணுக்குள் கிடப்பவர்கள் முழு உடம்போடு எழும்புவார்கள், ஆண்டவர் வானத்தையும் பூமியையும் புதிதாக்கி மனுஷரோடு கூடவே குடியிருக்க வருவார் என்று அவர் சொல்லும்போது எங்களுக்கு மயிர் கூச்செறியும். அந்தப் புதுப் பூமியில் கிணறுகள் உப்புக் கரிக்காது, கொயினா குடிக்கத் தேவையில்லை என்பதெல்லாம் நாங்களாகச் சேர்த்துக்கொண்டவை. வேலிக்கு வெளியே கிடக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வேறோர் இடம் என்று அவர் சொன்னார்; அங்கே வேதனை இல்லை, ஆனால் ஆண்டவர் முகத்தையும் பெற்ற தாயின் முகத்தையும் ஒருநாளும் காணமாட்டார்களாம். சொல்லிவிட்டு, ஆபத்தான நேரத்தில் யாரும், சின்னப் பிள்ளைகூட, தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சொல்லி, அதற்கான சொற்களை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தார்.

அடுத்த வீட்டுப் பிலோமினாக்காவின் பிள்ளை பிறந்த வேகத்திலேயே போய்விட்டது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை என்று அவரே உண்மையைச் சொன்னார். மூப்பர் தலையைக் குனிந்தபடி வேலிக்கு வெளியே குழி வெட்டச் சொன்னார்.

அதற்கடுத்த கிழமை நிறைமாதமாயிருந்த அம்மாவுக்குக் காய்ச்சலோடு பிள்ளைப்பேற்று நோவு கண்டது. எங்களைப் பெற்ற ஐயா விடியலிலேயே, மருந்து கொடுக்கும் "அப்போதிக்கரி"யை அழைத்துவரக் கற்பிட்டிக்குத் தோணி வலித்துப் போய்விட்டார். மருத்துவிச்சி ஆயிஷா உம்மா மட்டும் வந்திருந்தார். எங்கள் கரையில் முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளையும் வேதக்கார வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே கைகளால் ஏந்தியவர் அவர். உச்சி வெயில் நேரத்தில் தம்பி பிறந்தான். அழவில்லை. நீலம் பாரித்துப்போயிருந்த அவனைக் கவிழ்த்தும் தட்டியும் பார்த்துவிட்டு, ஆயிஷா உம்மா என் பக்கம் திரும்பினார்.

"மூச்சு கொஞ்சம் ஈக்கிது புள்ள. சுறுக்கா ஒங்கட தண்ணிய ஊத்து. நான் ஊத்தினா ஒங்கட ஆக்கள் ஏத்துக்கிறாங்களோ என்னவோ."

மூலையில் நாங்கள் தண்ணீர் வைக்கும் மண் கூசா இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி, தம்பியின் நெற்றியில் மூன்று முறை ஊற்றி, "மனுவேல், பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே" என்று தொடங்கி ஒரு சொல்லும் பிசகாமல் சொல்லி முடித்தேன். முடித்த பெருமையில், கையில் வழிந்ததை நக்கினேன். இனித்தது. ஐயா புறப்படுமுன் அம்மா குடிப்பதற்கென்று இளநீரை வெட்டி அந்தக் கூசாவில் நிரப்பி வைத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியாது. இளநீரோ, பாலோ, கஞ்சியோ செல்லாது, தண்ணீர் மட்டும்தான் செல்லும் என்று ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டால் முதலில் எழும்பிச் சொல்லும் கெட்டிக்காரி நான்தான்.

கிணற்றுக்கு ஓடினேன். பனையோலைப் பட்டையை இறக்கித் தண்ணீர் அள்ளி, பாதியை மணலில் கொட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது ஆயிஷா உம்மா துணியை இழுத்துத் தம்பியின் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். "அதான் ஊத்தியாச்சே, போதும் புள்ள" என்று என் கையிலிருந்த பட்டையை வாங்கிக் கீழே வைத்தார்.

பொழுது சாயுமுன், ஐயாவின் தோணி திரும்புவதற்கு முன்பே, மூப்பர் வந்தார். வாசலில் பாதி ஊர் நின்றது.

"ஆர் பிள்ளை ஊத்தினது?"

"நான்தான் மூப்பரையா."

"சொல்லெல்லாம் சரியாச் சொன்னியா?"

"ஓம்."

"தண்ணி தலையில பட்டுதா?"

உள்ளே பாயில் கிடந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லையென்று சொன்னால் மனுவேல் வேலிக்கு வெளியே. கடைசி நாளில் எல்லோரும் எழும்பும்போது அம்மா அவனைத் தேடித் தேடிக் காணமாட்டார். "ஓம்" என்றேன்.

அவனை வேலிக்கு உள்ளே, சிலுவை நட்டு அடக்கினார்கள். திரும்பி வரும்போது பிலோமினாக்கா என் வலது கையைப் பிடித்து உதட்டில் வைத்துக் கொஞ்சினார். "புண்ணியமான கை. எண்ட பிள்ளைக்கும் நீ வந்து ஊத்தியிருக்கலாமே" என்றார். அந்தக் கையை வெட்டி எறிந்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

சுவாமியார் வர இன்னும் மூன்று கிழமை கிடந்தது. அவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் தம்பியைத் தோண்டி எடுத்து வெளியே போடுவார்கள். சொல்லாவிட்டால் எனக்கும் மோட்சமில்லை. அதற்கிடையில் எனக்கும் காய்ச்சல் வந்தது. குளிரில் பல் கிட்டியபடி கிடந்தபோது சாகப் பயமாக இருந்தது, பிழைத்தெழும்பவும் பயமாக இருந்தது. அம்மாவோ எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தார். "எண்ட மகன் அங்க எனக்காகப் பார்த்துக்கொண்டு இருப்பான்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

சுவாமியாரின் தோணி களப்பில் தெரிகிறது என்று பிள்ளைகள் கத்திய காலையில், என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா அகப்பையை வைத்தார். "நீ கிணத்தடிக்கு ஓடேக்க நான் அவன்ட நெத்தியில வாய் வச்சுக் கொஞ்சினன். நெத்தி இனிச்சுது" என்றார்.

"அப்ப ஏனம்மா சொல்லேல்ல?"

"நீ ஏன் சொல்லேல்ல?"

இருவரும் அழுதோம். பிறகு அம்மா மூக்கைச் சீறிவிட்டு, காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "ஆண்டவர் வாசல்ல நிண்டு, வாற பிள்ளையளை நக்கிப் பார்த்தா உள்ள எடுக்கிறார்? புதுப் பூமியெண்டு ஒண்டைப் படைச்சுப்போட்டு எண்ட பிள்ளையை வெளியில விட்டா அதுல எனக்கென்ன வேலை? அவர் அப்படிச் செய்ய மாட்டார். போய்ச் சாமிட்டச் சொல்லு."

சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கம் சுவாமியார் முழுவதையும் கேட்டார். கடைசியில், "அது ஆண்டவருடைய காரியம் மகளே, நீ சமாதானமாய்ப் போ" என்றார். அந்தக் குழியில் யாரும் மண்வெட்டி வைக்கவில்லை.

ஆனால் எனக்குச் சமாதானம் வரவில்லை. பிலோமினாக்கா கொஞ்சிய கை இருந்ததே. அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய், நான் ஊற்றியது இளநீர், இது புண்ணியமான கையல்ல என்று சொன்னேன். அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், மூப்பர் ஓடி வந்துவிடுவார். பிலோமினாக்கா என்னை உறுத்துப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப ரெண்டு பிள்ளையும் ஒரே இடத்திலதான் இருக்குமா?"

"ஓம் அக்கா."

அவர் சாகும்வரை அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இன்று பனைமட்டை வேலி இல்லை. கோயில் கல்லால் எழும்பியபோது சவக்காலைக்கும் பெரிதாக மதில் கட்டி, வெளியே கிடந்த நிலத்தையும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை எங்கே அடக்குவது என்று இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்படியெல்லாம் இருந்ததா என்று இளம் சுவாமியார்கள் என்னையே கேட்கிறார்கள். அன்று வெளியே கிடந்த பிள்ளைகளின் சிறிய மேடுகள் காற்றில் கரைந்து வெறும் மணலாகிவிட்டன. அவை எங்கே இருந்தன என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.

என்னை அங்கேதான் அடக்க வேண்டும் என்று போன மாதம் மகனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனம்மா மதிலோரத்தில? அப்பாக்குப் பக்கத்தில உங்களுக்கு இடம் விட்டுத்தானே இருக்கு."

"கடைசி நாளில உங்கட அப்பா தானா எழும்பி நடந்து வருவார் மகன்" என்றேன். "அந்தப் பிள்ளையளுக்கு நடக்கத் தெரியாது. ஆராவது தூக்க வேணுமே."